மூன்று சக்கரம், இரண்டு பேர்: ஒரு வளைவு சொல்லித் தந்த பாடம்



மலருக்கு ஒரு பாடக் கட்டுரை எழுதிக் கொடு என்று குழுவினர் கேட்டபோது டர்பைன் பற்றியோ சி.என்.சி. பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அவற்றை நம்மைவிட நன்றாக எழுதிய புத்தகங்கள் நூலகத்திலேயே இருக்கின்றன. எனவே எங்கள் தெருவில், என் கண் முன்னால், என் தவறாலேயே நடந்த ஒன்றை எழுதுகிறேன். வாசித்து முடித்தபின் யாராவது ஒருவர் வெல்டிங் ராடைக் கீழே வைத்துவிட்டு ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டால் போதும்.

எங்கள் வீடு திரேஸ்புரத்தில். நாட்டுப்படகும் வள்ளமும் கரையேறுகிற ஊர். சங்குக் குளிக்குப் போகிறவர்களும் இங்கே நிறைய உண்டு. பக்கத்து வீட்டு அண்ணன் சங்குக் குளிக்குப் போனவர்தான். காதுச் சவ்வில் கோளாறு வந்து, இனிமேல் கடலில் முங்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். மைனி ஏலத்தில் சாளை, சூடை, விளமீன் எடுத்து, கூடையில் வைத்து, உள்ளூர் கிராமங்களுக்குக் கொண்டுபோய் விற்பவர். ஷேர் ஆட்டோவுக்குப் போகிற காசு, பஸ்ஸில் கூடையை ஏற்றப் படுகிற பாடு எல்லாம் கழித்தால் கையில் நிற்பது கொஞ்சம்தான். "நமக்குன்னு ஒரு வண்டி இருந்தா ரெண்டு பேரும் சேர்ந்து யாவாரம் பாக்கலாம்லா" என்று இருவரும் முடிவு செய்தார்கள்.

புது வண்டி வாங்கப் பணம் இல்லை. பழைய 100 சி.சி. பைக் ஒன்று இருந்தது. அதன் பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு, ஆங்கிளில் சட்டம் கட்டி, இரண்டு சக்கரம் போட்டு, பெட்டி வைத்துவிட்டால் மூன்று சக்கர வண்டி தயார் என்று யாரோ சொன்னார்கள். அப்போது நான் டிப்ளமோ முதலாண்டு. "தம்பி, நீதான மெக்கானிக்கல் படிக்க, ஒரு படம் போட்டுத் தா" என்று அண்ணன் கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. டிராயிங் ஷீட்டில் ஐசோமெட்ரிக் படமே போட்டுவிட்டேன். டைட்டில் பிளாக்கில் என் பெயரையும் எழுதினேன். சக்கரம் பெட்டியில் இடிக்கக் கூடாது என்பதற்காக, மீன் பெட்டி வைக்கும் மேடையைச் சக்கரத்துக்கு மேலே உயர்த்தி வைத்ததும் நான்தான். மைனியின் இரண்டு வளையல் அடகுக்குப் போயிற்று. பட்டறையில் என் படத்தின்படியே வண்டியைச் செய்து தந்தார்கள்.

ஒன்பதாவது நாள் காலையில், மீனும் ஐஸுமாக இரண்டடுக்குப் பெட்டி, மேலே மைனி. ஓடைப் பக்கத்து வளைவில் எதிரே ஒரு சைக்கிள் வர, அண்ணன் பிரேக்கை மிதித்தார். வண்டி திரும்பாமல் கொஞ்ச தூரம் நேரே போய், பிறகு திடீரென்று கவிழ்ந்தது. மைனிக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆறு வாரம் வியாபாரமும் இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் திரும்பத் திரும்பச் சொன்ன வார்த்தை ஒன்றுதான்: "சத்தியமா இருபத்தஞ்சுக்கு மேல போகல தம்பி." அவர் பொய் சொல்லவில்லை. எனக்குத்தான் அந்த 25-இன் அர்த்தம் அப்போது தெரியாமல் இருந்தது. அதன் கணக்கை இனிப் பார்ப்போம்.

முக்கோணக் கணக்கு

நிற்கிற வண்டியின் சக்கரங்கள் தரையைத் தொடும் புள்ளிகளைக் கோடு போட்டு இணைத்தால் கார் ஒரு செவ்வகம், மூன்று சக்கர வண்டி ஒரு முக்கோணம். புவியீர்ப்பு மையத்திலிருந்து செல்லும் விசை அந்த உருவத்துக்கு உள்ளே விழும்வரை வண்டி கவிழாது. வளைவில் திரும்பும்போது பக்கவாட்டு விசையும் சேர்ந்துகொள்வதால், மொத்த விசை வெளிப்பக்கமாக நகரும். அது முக்கோணத்தின் விளிம்பைத் தாண்டினால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும்.

எங்கள் வண்டியின் அளவுகள் ஏறக்குறைய இவை. முன்சக்கரத்துக்கும் பின் அச்சுக்கும் இடையே 2 மீட்டர். பின்சக்கரங்களுக்கு இடையே 1.2 மீட்டர். சுமையுடன் புவியீர்ப்பு மையம் முன்சக்கரத்திலிருந்து 1.5 மீட்டர் பின்னால். முக்கோணம் முன்பக்கம் குறுகிக்கொண்டே போவதால், அந்த இடத்தில் அதன் பாதி அகலம் 0.6 மீட்டர் இல்லை. 0.6-ஐ 1.5-ஆல் பெருக்கி 2-ஆல் வகுக்க வேண்டும். அதாவது 0.45 மீட்டர்தான்.

கவிழும் எல்லை என்பது இந்தப் பாதி அகலத்தை, மையத்தின் உயரத்தால் வகுத்த ஈவு. வேகத்தின் வர்க்கத்தை, வளைவின் ஆரமும் 9.81-ம் சேர்ந்த பெருக்கத்தால் வகுத்தால் வருகிற எண் இந்த ஈவைத் தொடும்போது வண்டி கவிழத் தொடங்கும். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவுக்குப் போட்டுப் பாருங்கள்.

பெட்டி ஒரே அடுக்காகத் தாழ இருந்து, மையம் 0.6 மீட்டர் உயரத்தில் இருந்தால்: ஈவு 0.75. கவிழும் வேகம் மணிக்குச் சுமார் 31 கி.மீ.

உயர்ந்த மேடை, இரண்டடுக்குப் பெட்டி, மேலே ஆள். மையம் 0.9 மீட்டர் உயரத்தில்: ஈவு 0.5. கவிழும் வேகம் சுமார் 25 கி.மீ.

இதே நிலையில் வளைவுக்குள் பிரேக்கும் பிடித்தால் இன்னும் மோசம். பிரேக் விசை புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.3 பங்கு என்று வைத்துக்கொண்டால், மொத்த விசை தரையைத் தொடும் புள்ளி 0.9 × 0.3 = 0.27 மீட்டர் முன்னே போய்விடும். அங்கே முக்கோணத்தின் பாதி அகலம் 0.37 மீட்டர்தான். ஈவு 0.41. கவிழும் வேகம் 23 கி.மீ.க்கும் கீழே.

அண்ணன் 25-இல் வந்து வளைவுக்குள் பிரேக் பிடித்தார். கணக்குப்படி அந்த வண்டி கவிழ்ந்தே ஆக வேண்டும். ஓட்டியவர் மேல் குற்றமே இல்லை. மேடையை உயர்த்திய கை என்னுடையது.

இன்னொன்றையும் கவனியுங்கள். காய்ந்த தார் ரோட்டில் டயரின் உராய்வுக் கெழு சுமார் 0.7. 1.2 மீட்டர் அகலமும் 0.6 மீட்டர் மைய உயரமும் உள்ள நான்கு சக்கர வண்டிக்கு ஈவு 1. ஆகவே அது கவிழ்வதற்கு முன் வழுக்கும். வழுக்கும்போது ஓட்டுபவருக்கு ஒரு எச்சரிக்கை கிடைக்கிறது. எங்கள் வண்டியின் ஈவு 0.5. அது வழுக்குவதற்கு முன்பே கவிழும். எச்சரிக்கை என்பதே கிடையாது.

வண்டி ஏன் முதலில் திரும்பவில்லை?

பட்டறையில் இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே ராடில் இறுக்கி, நடுவில் செயின் ஸ்ப்ராக்கெட் மாட்டியிருந்தார்கள். என் படத்தில் அப்படித்தான் இருந்தது. 10 மீட்டர் ஆரத்தில் ஒரு கால்வட்டம் திரும்பினால் வெளிச்சக்கரம் சுமார் 16.65 மீட்டர் போக வேண்டும், உள்சக்கரம் 14.77 மீட்டர்தான். வித்தியாசம் 1.88 மீட்டர். ஒரே ராடில் இறுக்கிய சக்கரங்கள் ஒரே சுற்றுத்தான் சுற்றும். ஆகவே ஏதோ ஒரு டயர் தரையில் தேய்ந்தாக வேண்டும். அந்தத் தேய்மானம் வண்டியை நேரே போகத் தள்ளுகிறது. ஓட்டுபவர் ஹேண்டிலை இன்னும் திருப்புகிறார். சுமை சாய்ந்து உள்சக்கரம் லேசாகிப் பிடிப்பு விட்ட நொடியில், வண்டி சட்டென்று திரும்பிவிடுகிறது. எங்கள் வண்டி முதலில் நேரே போய்ப் பிறகு கவிழ்ந்ததன் காரணம் இதுதான்.

இதற்குத்தான் டிஃபரன்ஷியல். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி, இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிளைத் தன் மகனோடு ஓட்டிப் பார்த்தாராம். மகனின் மிதி பலமாக இருந்ததால் வண்டி ஒரு பக்கமாகவே இழுத்துக்கொண்டு போய், இருவரும் கீழே விழுந்தார்கள் என்று சொல்வார்கள். 1877-இல் அவர் தம் வண்டியில் டிஃபரன்ஷியலைப் பொருத்தினார். நமது இரண்டாமாண்டுப் பாடத்தில் வருகிற பெவல் கியர் படத்தைப் பரீட்சைக்காக மட்டும் மனப்பாடம் செய்யாதீர்கள். அந்தப் படத்துக்குள் ஒரு மனுஷியின் மணிக்கட்டு இருக்கிறது.

பிரேக்கும் அப்படியே. பைக்கும் ஒரு ஆளும் சேர்ந்து சுமார் 180 கிலோ. எங்கள் வண்டி ஆட்களும் மீனும் ஐஸும் சேர்ந்து சுமார் 550 கிலோ. அதே வேகத்தில் இயக்க ஆற்றல் மூன்று மடங்கு. அதை நிறுத்தப் பழைய பைக்கின் டிரம் பிரேக்! ஐஸின் எடையை நாங்கள் யாருமே கணக்கில் சேர்க்கவில்லை. நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ் என்பது பொதுக் கணக்கு. 100 கிலோ மீன் ஏற்றினால் வண்டிக்கு அது 200 கிலோ.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி, உற்பத்தியாளர் குறிப்பிட்டு ஆர்.சி. புக்கில் பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைக்கக் கூடாது. மாற்றுத்திறனாளிகளுக்காகப் பக்கச் சக்கரம் பொருத்துவது போன்றவற்றுக்குச் சட்டத்திலேயே தனி வழி இருக்கிறது. அதற்கும் முறைப்படி அனுமதி உண்டு. எங்கள் வண்டியோ ஆர்.சி.யில் பைக், ரோட்டில் லாரி. அந்த சைக்கிள்காரர் மேல் விழுந்திருந்தால் இன்சூரன்ஸ் இழப்பீடு பெரிய வழக்காகியிருக்கும். ஒரு குடும்பம் தலைமுறைக்கும் கடன்பட்டிருக்கும்.

இதே வேலையை முறையாகச் செய்தவர்கள்

பைக்கின் முன்பாதி, லாரியின் பின்பாதி என்ற எண்ணம் தவறானதல்ல. ஜப்பானில் ஹிரோஷிமாவில், பின்னாளில் மாஸ்டா ஆன நிறுவனம் 1931-இல் அப்படித்தான் மாஸ்டா-கோ என்ற மூன்று சக்கரச் சுமை வண்டியைச் செய்தது. போருக்குப் பின் இத்தாலியில், ஹெலிகாப்டர் வடிவமைத்த பொறியாளர் கொராடினோ தஸ்கானியோ, ஸ்கூட்டரை வைத்து 1948-இல் ஆபே வண்டியை உருவாக்கினார். ஆபே என்றால் இத்தாலிய மொழியில் தேனீ. நம் தெருக்களில் ஓடுகிற லோடு ஆட்டோக்கள் அந்த வம்சம்தான். அவர்கள் கணக்குப் போட்டார்கள், பெட்டியைத் தாழ வைத்தார்கள், பின்சக்கரங்களைத் தனித்தனியே சுழல விட்டார்கள். நான் படம் மட்டும் போட்டேன்.

இன்னும் பின்னால் போனால், உலகின் முதல் மோட்டார் கார் என்று சொல்லப்படுவதே மூன்று சக்கரம்தான். கார்ல் பென்ஸ் 1886 ஜனவரி 29-இல் அதற்குக் காப்புரிமை கேட்டார். ஒரே சிலிண்டர், 954 சி.சி., முக்கால் குதிரைசக்தி, வேகம் மணிக்கு 16 கி.மீ. நான்கு சக்கரத்துக்கு ஏற்ற ஸ்டியரிங் அப்போது அவருக்குத் திருப்தியாக அமையாததால் முன்னால் ஒரே சக்கரம் வைத்தார். அந்தத் தொழிலுக்கு முதலீடு எங்கிருந்து வந்தது? அவரை மணக்கவிருந்த பெர்தா, திருமணத்துக்கு முந்தைய ஆண்டான 1871-இலேயே தன் சீதனப் பணத்தை எடுத்துக் கொடுத்து, கூட்டாளியின் பங்கை வாங்க உதவினார். எங்கள் மைனியின் வளையல் ஞாபகம் வருகிறதா?

1888 ஆகஸ்டில் பெர்தா, கணவரிடம் சொல்லாமலே, இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்குச் சுமார் 106 கி.மீ. ஓட்டிச் சென்றார். எரிபொருள் தீர்ந்தபோது வீஸ்லோக் ஊர் மருந்துக் கடையில் லிக்ராயின் வாங்கி ஊற்றினார். அடைத்த குழாயைத் தொப்பி ஊசியால் குத்திச் சுத்தம் செய்தார். மரக்கட்டை பிரேக் தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடிக்கச் சொன்னார். மேட்டில் வண்டி ஏறவில்லை, மகன்கள் இறங்கித் தள்ளினார்கள். திரும்பி வந்து, மேடேற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னார். ஓட்டியவரின் வாய்ச்சொல்லும் ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்தான். அதைக் கேட்டு எழுதிக்கொள்வது டிசைன் செய்பவரின் வேலை.

மீண்டும் தொடங்கினார்கள்

மாவுக்கட்டுப் பிரித்தபின் நான் அவர்கள் வீட்டுப் பக்கமே போகவில்லை. மைனிதான் கூப்பிட்டு விட்டார். "எய்யா, படம் போட்டது நீதான், சரி. அதுக்காவ மூஞ்சிய மறைச்சிட்டுத் திரிவியா? அடுத்த வண்டிய ஒழுங்காப் பாத்துச் சொல்லு" என்றார். அன்றைக்குத்தான் நான் உண்மையில் மெக்கானிக்கல் படிக்கத் தொடங்கினேன்.

2020-இல் தொடங்கிய பிரதான் மந்திரி மத்ஸ்ய சம்பத யோஜனா திட்டத்தில், ஐஸ் பெட்டியுடன் கூடிய மூன்று சக்கர மீன் விற்பனை வண்டிக்கு அலகுச் செலவு ரூ.3 லட்சம் என்று வைத்திருந்தார்கள். பொதுப் பிரிவினருக்கு மானியம் 40 சதவீதம். பெண்களுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் 60 சதவீதம். அண்ணன் பெயரில் வாங்கினால் ரூ.1.20 லட்சம், மைனி பெயரில் வாங்கினால் ரூ.1.80 லட்சம். வித்தியாசம் 60 ஆயிரம். "பொம்பள பேர்ல வண்டியா, ஓட்டப் போறது யாரு?" என்று தெருவில் கேட்டார்கள். "யாரு பேர்ல இருக்கோ அவதான் ஓட்டுவா" என்று மைனி சொல்லிவிட்டார். விண்ணப்பம், வங்கிக் கடன் எல்லாம் முடிந்து வண்டி வந்தது.

அப்புறம் லைசென்ஸ். சுமை வண்டி ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். எனக்கு அது இல்லை, மைனிக்கு உண்டு. இலகு ரக வாகன லைசென்ஸ் வைத்திருப்பவர் மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டத் தனி ஒப்புதல் தேவையில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6-இல் உறுதி செய்தது. தெரிந்த லோடு ஆட்டோ அண்ணாச்சி ஒருவர், சாயங்கால நேரம் உப்பளத்துப் பக்கம் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் கற்றுக் கொடுத்தார். நான் பக்கத்தில் நின்று நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தக் குறிப்புகள் இவை:

1. பைக் பழக்கத்தை மறக்க வேண்டும். 10 மீட்டர் வளைவில் 25 கி.மீ. வேகத்தில் போகும் பைக் சுமார் 26 டிகிரி உள்ளே சாய்ந்து சமாளிக்கும். மூன்று சக்கரம் சாயாது. உடம்பைச் சாய்த்தால் வண்டி திரும்பாது, ஹேண்டிலைத்தான் திருப்ப வேண்டும். மைனிக்கு பைக் ஓட்டவே தெரியாது. அதனால் அண்ணனைவிடச் சீக்கிரம் கற்றுக்கொண்டார்!

2. நிறுத்தும்போது காலைத் தரையில் ஊன்றக் கூடாது. பைக்கில் அது ஆதரவு. இதில் பின்சக்கரம் பாதத்தின் மேல் ஏறிவிடும்.

3. மூன்று சக்கரத்துக்கு மூன்று தடம். காரில் பள்ளத்தை நடுவில் விட்டுப் போகலாம், இதில் நடுவில்தான் முன்சக்கரம் வரும். பள்ளம் கண்டால் வேகத்தைக் குறைப்பது ஒன்றே வழி.

4. பிரேக் எல்லாம் வளைவுக்கு முன்பே. வளைவுக்குள் நுழைந்தபின் பிடித்தால் என்ன ஆகும் என்பதை மேலே கணக்கில் பார்த்தோம்.

5. கனமான பெட்டி அடியில், பின் அச்சுக்குச் சற்று முன்னால். ரொம்பப் பின்னால் தள்ளினால் முன்சக்கரம் லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. இரண்டாவது அடுக்கு கிடையவே கிடையாது.

6. இரண்டு பின்டயரிலும் காற்று சமமாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் வண்டி நிற்கும்போதே சாய்வு.

7. ராத்திரி வந்ததும் நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். மீன் தண்ணீரும் உப்புக்காற்றும் சேஸியை உள்ளுக்குள் அரித்துவிடும்.

எட்டாவது குறிப்பு மைனி சொன்னது. மத்தியானத்துக்கு மேல் வளைவில் வண்டி "ஒரு நிமிசம் கழிச்சி ஆடுது" என்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் பார்த்தால், உருகிய ஐஸ் தண்ணீர் பெட்டிக்குள் அலையடிக்கிறது. வண்டி திரும்பியபின் தண்ணீர் ஒரு பக்கம் சேர்ந்து எடையை நகர்த்துகிறது. கப்பலில் பாதி நிரம்பிய தொட்டிக்கு இருக்கும் அதே ஆபத்து. இப்போது பெட்டியின் அடியில் ஒரு வால்வு வைத்து, வழியில் நிறுத்துமிடத்தில் தண்ணீரைக் கேனில் பிடித்து அப்புறப்படுத்துகிறார்கள். இந்தத் திருத்தம் எந்தப் புத்தகத்திலிருந்தும் வரவில்லை, ஓட்டியவரிடமிருந்து வந்தது.

ஆர்.சி. புக்கில் சீட் ஒன்று என்று இருப்பதால் இருவரும் ஒரே வண்டியில் போவதில்லை. மைனி லோடு ஆட்டோவில் முன்னே போவார். அண்ணன் பழைய மொபெட்டில் தராசையும் கத்தியையும் வைத்துக்கொண்டு பின்னாலேயே போவார். வளையல் இன்னும் மீட்கவில்லை. தவணை தவறாமல் போகிறது.

முடிவாக

நண்பர்களே, நாம் டிப்ளமோ படிக்கிறோம் என்று தெரிந்ததும் தெருவில் யாராவது ஒருவர் கட்டாயம் வந்து, "தம்பி, இத ஒண்ணு செஞ்சி தாயேன்" என்று கேட்பார். அவர்கள் நம் மார்க்கைக் கேட்பதில்லை, நம்மை நம்பிவிடுகிறார்கள். தெரிந்ததைச் செய்யுங்கள். தெரியாததை "சார்கிட்ட கேட்டுச் சொல்லுதேன்" என்று சொல்லுங்கள். அதில் வெட்கம் இல்லை. நான் அன்று எங்கள் துறை ஆசிரியரிடம் அந்தப் படத்தைக் காட்டியிருந்தால், ஐந்து நிமிடத்தில் சிவப்புப் பேனாவால் கோடு போட்டிருப்பார்.

அந்த டிராயிங் ஷீட் இன்னும் என்னிடம் இருக்கிறது. டைட்டில் பிளாக்கில் 'சரிபார்த்தவர்' என்ற கட்டம் காலியாகவே இருக்கிறது. உங்கள் படத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.



— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு